வசம்பு கேட்ட தம்பிக்கு

போடிநாயக்கனூர்,
பிரமாதீச வருஷம், ஆவணி மாதம்.

பர்மாவுக்கு வடகோடியில், சிந்த்வின் என்கிற ஆற்றின் கரைக் காட்டில், மரக் கம்பெனிக்குக் கோவேறு கழுதை ஓட்டும் தம்பி சோணைக்கு, அக்காள் சுருளியம்மாள் சுருளி வேலப்பரை வேண்டிக்கொண்டு எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதுகிறார். நாங்கள் எல்லோரும் சுகம். மலையில் ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. குரங்கணிப் பாதையில் பொதிமாடுகள் இறங்குகின்றன. எந்த மாட்டுக்காரன் சத்தம் கொடுத்தாலும் நீதான் என்று வாசலுக்கு ஓடி, ஏமாந்து திரும்புகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அம்மாடி, அவ்வளவு பெரிய ஆறா! உச்சிப்பொழுது வரைக்கும் பனிமூட்டத்தில் அக்கரை தெரியாதாமே! மணல்திட்டெல்லாம் புலித்தடமாம், நாள்கணக்கில் நடந்தாலும் ஓர் ஊர் கிடையாதாம். நம் கொட்டகுடி ஆற்றைத் தவிர வேறு ஆறு பார்த்திராத எனக்குக் கனவெல்லாம் அந்த ஆறுதான். அக்கரையில் நீ நிற்கிறாய். கூப்பிடுகிறேன், உனக்குக் கேட்கவில்லை. அந்த ஆறு நாசமாய்ப் போக! தண்ணீரைத் திட்டக் கூடாது என்கிறார் உன் மச்சான். நான் திட்டத்தான் செய்வேன்.

செல்லக்கிளிக்கு நாலு வயசாகியும் இன்னும் காது குத்தவில்லை. "மூளிக் காதோட புள்ளைய எத்தன நாளைக்கு வச்சிருப்ப? ஒன்னுவிட்ட தம்பி தவசி மடியில உக்கார வச்சு வெரசா குத்திவிடு ஆத்தா" என்று என் மாமியார் ஓயாமல் சொல்கிறார். கூடப்பிறந்த தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இரவல் மடி எதற்கு என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நீயானால், 'நான் இல்லாமலே குத்திவிடுங்கள்' என்று எழுதிவிட்டாய். எப்படியடா உனக்கு மனசு வந்தது? அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

கூட்டாளி ஒருவனுக்கு என்று வசம்பு கேட்டிருந்தாய். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, நாக்கில் லேசாகத் தடவ வேண்டும். அதிகம் வேண்டாம். அந்த வசம்பு யார் வீட்டுக்கு என்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா அப்பு? இதை எழுத மாட்டேன் என்று உன் மச்சான் பேனாவைக் கீழே வைத்தார். "எழுதுங்க" என்று ஓர் அதட்டுப் போட்டேன், எழுதுகிறார். அங்கே உன்னோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ன சாதி, என்ன பாஷை என்று கேட்டு எவனாவது வாசலுக்கு வந்தால், என் வாய்க்குத் தப்பி அவன் வீடு போய்ச் சேர மாட்டான். இதற்குப் பயந்துதான் ஊர்ப்பக்கம் வராமல் இருக்கிறாயா? அட கூறுகெட்டவனே!

என் மகளுக்கு நீ மாமன் என்றால், உன் பிள்ளைக்கு நான் அத்தை. அதற்கு நான் எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. தை பிறந்ததும் வா. அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. காது குத்த உன் மடியில் செல்லக்கிளி உட்காரட்டும், உன் பிள்ளையை நான் என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் மூன்று பேரும் கரையேறி வந்து சேர வேலப்பர் துணை இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று மட்டுமாவது மறுதபாலில் எழுதிவிடு, சாமி.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்காள்,
சுருளியம்மாள்.