பிரிட்ஜ் நிறையப் பால்

என் அன்பு மகளுக்கு,

இந்தக் கிழமை காலில் ஸ்கீ பலகை கட்டிக்கொண்டு காஸ்பே மலையில் ஏறப்போவதாக என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாய். பருவத்தின் முதல் பனியை நம்பக்கூடாது என்று சொன்னவளும் நீதான். மேலே இறுகிக் கிடக்குமாம், அடியில் சீனி மாதிரி உதிருமாம், ஆள் ஏறினால் மொத்தமாகச் சரியுமாம். பனியில் குழி தோண்டி அடியைப் பார்க்காமல் கால் வைக்காதே.

மலைக்குப் போனால் உன் பேரே எடுக்கமாட்டேன் என்று மாதா சொரூபத்தின் முன் அம்மா செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. அவள் அதை மீறமாட்டாள். அவளிடம் உன் கதை எடுக்க எனக்கும் வாய் வராது. குளிருக்கு யன்னல்களில் பிளாஸ்டிக் ஒட்டியாகிவிட்டது. இனிச் சித்திரை வரை வேலை நேரம் தவிர இருவரும் உள்ளேதான்.

வீட்டில் தொலைபேசியைத் தொட்டால் அவளுக்குக் கேட்கும். அதனால் காலையில் பால் வாங்கவென்று போய், தெப்பனேர் என்கிற மூலைக்கடையின் வாசல் தொலைபேசியில் பனிச்சரிவு அறிவிப்பைக் கேட்கிறேன். பிரெஞ்சில் பாதி விளங்காது, ஆபத்து என்பது மட்டும் விளங்கும். பிரிட்ஜில் பாலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அம்மா ஒன்றும் கேட்பதில்லை.

நேற்றுக் காய்ச்சலில் எழும்பவில்லை. அம்மா கட்டிலடியில் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பால் முடிஞ்சுது. ஒருக்காக் கடைக்குப் போட்டு வாங்கோ."

"எனக்குக் காய்ச்சலப்பா."

"தெரியும். போட்டு வாங்கோ."

என் குளிர்ச்சட்டையை நீட்டினாள். அதன் பைக்குள், நான் வைக்காத, தொலைபேசிக்குப் போடுகிற சில்லறை இருந்தது.

மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கே எடு, மகள். அவள் எடுக்கட்டும். பேர் சொல்லாமலும் கதைக்கலாம்தானே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா