விளக்குக்காரன் பேரனும் நாலு மாத்திரையும்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடை தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரி கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி. சாந்தோமிலிருந்து பத்து நிமிடம். எனக்கு ராமேசுவரம் போய்வந்த களைப்பு. பெண்கள் வார்டு, கட்டில் 14. காய்ச்சல் ஏழாவது நாள். காலை 102, மாலை 103.4.

ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் விட்டுக் கீழ்த்தளத்து லேபுக்கு அனுப்பினார்கள். அந்தக் கீழ்த்தளத்தில் முப்பத்துநாலு வருடம் கிருமிகளுக்குச் சமைத்துப்போட்டவன் நான். இறைச்சிச் சாறு, கடல்பாசி, உப்பு, சில நாள் ஆட்டு ரத்தம். கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கிருமி வந்து உட்கார்ந்து தின்று வளரும். வளர்ந்தால்தான் அது யார், எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியும். நான் ஊற்றிய தட்டுகளை அடுக்கினால் கலங்கரை விளக்கத்தைவிட இரண்டு முழம் உயரம். அளந்து பார்த்தவர் யாரும் இல்லை.

இப்போது அங்கே ஷமீம்தான் தலைமை. என்னிடம் வேலை பழகிய பெண். "மாமா, அத்தையோட பாட்டில நானே பாத்துக்கறேன். நீ போய் மேல குந்து."

டாக்டரம்மா கேட்டார்: "இங்க வர்றதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?"

"யாரப் பாத்து கேக்குறீங்க டாக்டரம்மா. முப்பத்துநாலு வருஷம் அந்தக் கேள்விய அடுத்தவங்கள கேட்டவன் நான்."

சிரித்தார். 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

கஸ்தூரிக்கு நான் பேசாமல் இருப்பது பிடிக்கவில்லை. "மூஞ்சிய பாத்துக்கினே குந்திக்கீறியே. கத எதுனா சொல்லுயா." எழுந்து நின்றேன். வலக்கையை உயர்த்தி, நர்ஸ் சாட்சியாக, வார்டு கேட்க வாக்களித்தேன்: இந்தப் பூமியில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை நாளை முதல் சொல்வேன். "நீ இன்னிக்கி வரைக்கும் வேற கத எதுனா சொல்லிக்கீறியா?" என்றாள்.

நாளை எடுத்துப்போக: பிளாஸ்க், அவள் கண்ணாடி, பழைய வேட்டி ஒன்று (துடைக்க), சீப்பு.

நாலு மாத்திரை. சனி இரண்டு, ஞாயிறு இரண்டு. சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை உளறினாள், என்னைப் பார்த்து "நைனா" என்று அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். மருந்துக்கடைக்கு ஓடிவிட்டேன். ரத்தம் எடுக்குமுன் அந்த மாத்திரை உள்ளே போனால் கிருமி அரை மயக்கத்தில் கிடக்கும், தட்டில் முளைக்காது. இது தெரியாமல் செய்தவர்கள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். தெரிந்தே செய்தவன் மதராஸ் ராஜதானியிலேயே நான் ஒருவன்தான்.

நவம்பர் 5, புதன்

வெயில். நடுவில் ஒரு பாட்டம் மழை. கா. 101.8. கஞ்சி இரண்டு ஸ்பூன். மீன்கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மூன்று முறை கேட்டாள். நொச்சிக்குப்பத்தில் அவள் இடத்தில் வேறு யாரும் கூடை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். போய்ப் பார்க்கவில்லை.

பார்வை நேரம் நாலு மணி. வாசலில் பழைய ஆள். மூன்றரைக்கே விட்டார்.

கதை தொடக்கம்.

"எங்க தாத்தா முனுசாமி, வெள்ளக்காரன் காலத்துல சர்க்கார் கிருமிக்கூடத்த நடத்துனாரு."

"இன்னா உத்தியோகம்?"

"சீட்டுல விளக்குக்காரன்னு போட்டிருந்துது. அது தன்னடக்கம்."

விளக்கினேன். செப்புப் பெட்டி ஒன்று. உள்ளே கிருமிக் குழாய்கள். அடியில் மண்ணெண்ணெய் விளக்கு. பெட்டிக்குள் எப்போதும் மனித உடம்பின் சூடு இருக்க வேண்டும். கூடினால் கிருமி வெந்துவிடும், குறைந்தால் தூங்கிவிடும். துரை கையெழுத்துப் போடுவார், தாத்தா திரியைத் திருகுவார். ஆகவே கூடத்தை நடத்தியது யார், நீங்களே சொல்லுங்கள் என்றேன். கூவத்துத் தண்ணீரை முகர்ந்தே எந்தத் தெருவில் காலரா என்று சொல்வார். காலராக் கிருமி அவரைக் கண்டால் குழாய்க்குள் எழுந்து நிற்கும். அவர் லீவு கேட்டால் கவர்னரே வந்து, "முனுசாமி, நீ போனா பிளேக்கு யார் சொல்றத கேக்கும்" என்று கெஞ்சுவார்.

கட்டில் 15 செல்வி. குடல்வால் ஆபரேஷன். அடையாறு ஆற்றோரம் இருந்தவள், வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. யோசித்தாள். "கிருமிய கண்டுபுட்ச்சிட்டு மாத்திர குடுப்பாங்களா?"

"அப்போ ஏது மாத்திர. இன்ன கிருமின்னு பேர் சொல்லலாம், அதக் கொல்ல ஒண்ணும் கெடையாது. தண்ணிய காச்சி குடி, எலிய புடி, அவ்ளோதான்."

"பாவம்" என்றாள். யாரை என்று தெரியவில்லை.

ஷமீமிடம் கேட்டேன். இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு நாள்தானே ஆகிறது என்றாள். ஆமாம், ஒரு நாள்தான்.

நவம்பர் 6, வியாழன்

மழை. லஸ்ஸில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை, நடை. பிளாஸ்க் மூடி தொலைந்தது.

கா. 102.6. மா. 103.

தட்டு சுத்தம். நன்றாகக் கழுவிய சட்டிபோல. ஷமீம்: "மாமா, அறிகுறி எல்லாம் டைபாய்டு மாதிரிதான் கீது. ஏன் வளரலன்னு எனக்கே புரியல." நானும் புரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த முகத்துக்குச் சர்க்கார் பதக்கமே கொடுக்கலாம்.

இன்றைய கதை வெள்ளம். அடையாற்றில் தண்ணீர் பனைமரத்தை முழுங்கியது. மண்ணெண்ணெய் வண்டி வரவில்லை. விளக்கு அணைந்தது. தாத்தா நானூறு குழாய்களையும் துண்டில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தார். தும்மவில்லை. தும்மினால் மதராஸ் காலி. கோழி குஞ்சு பொரித்த மாதிரி நானூறும் வளர்ந்தன.

"அது இன்னா வயிறா, கல்யாண மண்டபமா?" கஸ்தூரி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். ஆனால் சொன்னாள். அது போதும் எனக்கு.

ஊசி ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் அதைச் சட்டை செய்யவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை. காலையிலேயே 103.8.

தட்டு சுத்தம்.

டாக்டரம்மா கட்டில் அருகே வெகுநேரம் நின்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எந்த மருந்துன்னு தெரியாம மாத்திக்கிட்டே இருக்க முடியாது. அவங்க உடம்பு தாங்கணும்" என்று நர்ஸிடம் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி இன்று கதை கேட்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. வேட்டித் துணியை நனைத்து வைத்தேன். நானே தொடங்கினேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் தாத்தா தலையில் ஏற்றினேன்.

"அவ்ளோ பெரிய ஆளு. ஆனா பொண்டாட்டிக்கு காய்ச்சல் வந்தப்ப பயந்துட்டாரு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே நாலு மாத்திர குடுத்துட்டாரு. அதனால தட்டுல ஒண்ணுமே மொளைக்கல. யார்கிட்டயும் சொல்லல."

கண்ணைத் திறந்தாள்.

"அந்தக் காலத்துல மாத்திரையே இல்லன்னு முந்தாநேத்து நீதான சொன்ன."

கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் நான் வாயடைத்தது இது முதல் தடவை என்று எழுத ஆசை. மூன்றாவது தடவை.

"சனிக்கெழம சத்து மாத்திரன்னு ஒண்ணு குடுத்தியே. அதா?"

"ஆமா."

செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எதுக்குயா மறைச்ச?"

"கீழ எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மானம் போயிரும்னு."

"அதுக்கு? நான் இங்க சாவறதுக்கா வந்துகீறேன். எழுந்து போய் சொல்லு."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். நான் இன்னா திட்டாமயா கீறேன்."

போனேன். படி இருபத்திரண்டு. டாக்டரம்மா மாத்திரைப் பேரைக் கேட்டார், எத்தனை, எப்போது. எழுதினார். "இத செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி கிருமி ரத்தத்தில் கிடைக்காது. எலும்புக்குள் ஒளிந்திருக்கும், மாத்திரை அங்கே அவ்வளவாக எட்டாது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்த மஜ்ஜைக்கும் நான் சமைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். காக்காய்கள்.

ஊசி பத்து மணிக்கு. மரத்துப்போக மருந்து போட்டார்கள், ஆனாலும் உறிஞ்சும்போது வலிக்கும். நொச்சிக்குப்பத்தில் நின்று விலை சொன்னால் மகாபலிபுரத்தில் பேரம் பேசுவார்கள், அந்தத் தொண்டை அவளுடையது. ஒரு சத்தம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் மூன்று வீங்கியிருக்கின்றன, இதில் மிகை கிடையாது.

பிறகு, "நீதான் இத குத்தியிருக்கணும், நல்லா திட்டியிருப்பேன். அவங்கல்லாம் நல்லவங்க" என்றாள்.

குழாயை நானே கீழே கொண்டுபோனேன். ஷமீம் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புதுசா வர்ற பசங்கள உன் பேர சொல்லித்தான் மாமா திட்டறேன். ஏகாம்பரம் மாமா இருந்தா இப்டி ஒரு பாட்டில உள்ள சேப்பாரான்னு."

"இனிமே சொல்லாத."

"சொல்லுவேன். அவரே ஒரு தபா சறுக்கினாருன்னும் சேத்து சொல்லுவேன்." டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கா. 103. மா. 103.2. பார்வை நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை வாரிவிட்டேன். சிக்கு. சாந்தோம் கோயில் மணி இங்கே கேட்காது, கேட்டதுபோல இருந்தது.

கதை சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

எட்டேகால். ஷமீமிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். வார்த்தை எதுவும் இல்லை.

இளஞ்சிவப்புத் தட்டு. அதில் நிறமில்லாத சின்னச் சின்னப் பொட்டுகள், ரவை சிந்திய மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "இன்னா நைனா, பேரப்புள்ள போட்டோவா?" என்றார். ஆமாம் என்றேன்.

டைபாய்டுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். தட்டை நேரில் காட்டினாள் ஷமீம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிருமி பரவிய தட்டில் மருந்துச் சில்லுகளை வைத்தால், எந்த மருந்து கொல்லுமோ அதைவிட்டுக் கிருமி விலகி நிற்கும். இப்போது ஏறும் ஊசிக்கு அது விலகவே இல்லை, ஒட்டி உரசிக்கொண்டு நின்றது. நான் கொடுத்த மாத்திரையைச் சுற்றி ஒரு சின்ன வளையம். மயக்கத்தான் போதும், கொல்லப் போதாது. இன்னொன்றைச் சுற்றிப் பெரிய வெற்றிடம், மெரினா மாதிரி.

மாலையே மருந்து மாற்றினார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்கவும் கூடாது.

நவம்பர் 13, வியாழன்

கா. 101. மா. 100.6.

செல்வி வீட்டுக்குப் போகிறாள். கஸ்தூரியிடம், "அக்கா, ஒங்க வூட்டுக்காரரு தாத்தா நெசமாவே கவர்னர்கிட்ட பேசுனாரா?" கஸ்தூரி: "கவர்னரு இவுங்க தாத்தாகிட்ட பேசுனாரு. சரியா கேளு." ஆறு நாளாகக் கேட்காத குரல்.

நவம்பர் 15, சனி

மேகம் விலகி வெளிச்சம். கா. 98.8. மூன்று முறை எடுத்துப் பார்த்தார்கள். 98.8.

செய்தி பரவியதும் வார்டே எழுந்து நின்றது. டாக்டரம்மா தன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மாலையாக எனக்குப் போட்டார். கடல் சாந்தோம் ரோடு வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்பியது. நொச்சிக்குப்பத்துப் படகுகள் எல்லாம் கொடி கட்டின, வஞ்சிர மீன் தானாகக் கூடையில் குதித்தது. கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து ஆறு இட்லி, இரண்டு வடை சாப்பிட்டு, "நாளைக்கே கடைக்கு போறேன்" என்று முழங்கினாள். கீழ்த்தளத்தில் ஷமீம் வெடி வெடித்தாள்.

ஒரு இட்லி. அதிலும் பாதிதான் தின்றாள். மீதிப் பாதியை, "நீயும் துன்னல இல்ல" என்று என்னிடம் நீட்டினாள். அது நிஜம்.