ஏலத்துக்குப் போகவிருந்த ஆடு

கூக்கால், 1988. வியாழன் இரவு.

நாளைக் காலை ஏலத்துக்கு ஆடு ஏற்ற லாரி வருகிறது. எவற்றை அனுப்பலாம் என்று நான் எழுதிய புரோகிராம் அச்சடித்த தாளைப் பார்த்து, எங்கள் ஆட்டுப் பண்ணையின் கால்நடை டாக்டர் சேவியர் மத்தியானம் ஆடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இந்த ஆடு ஒரு தடவைகூட ஈனலையாம், நாலு தடவை சினை கலைஞ்சிருக்காம், அதனால ஏலத்துக்கு அனுப்பணுமாம். போன மாசம் இதுக்குக் குட்டி எடுத்ததே நான்தானே!"

தாளில் அந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. ஈன்றது, கலைந்தது, எடை என்று பெயரிட்டுத்தான் ஒவ்வோர் ஆட்டின் விவரத்தையும் சேர்த்திருந்தேன். சேர்த்த வரிசையிலேயே திரும்பி வரும் என்று நம்பினேன். நேற்று தடுப்பூசி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்ததும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி அடுக்கிவிட்டது. தாளில் எண்களுக்கு மேலே நான் போட்டிருந்த தலைப்புகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன.

"லாரி வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் பொறுங்க சார், வெரசா முடிச்சிர்றேன்."

எது முதலில், எது அடுத்தது என்று பெயர்களை நானே வரிசையாக எழுதிவைத்து, அந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்படி புரோகிராமை மாற்றினேன். சோதிப்பதற்காக இன்னொரு விவரத்தையும் சேர்த்தேன். எண்கள் நகரவில்லை.

புதுத் தாளை வைத்து டாக்டர் மறுபடி பிரித்தார். ஏலத்துக்கு ஒதுக்கிய பட்டியிலிருந்து அந்த ஆட்டைத் திறந்துவிட்டதும் குட்டி ஓடிவந்து மடியை முட்டியது.

"குட்டிகளுக்கும் இது மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார்.

குட்டிகளின் தாளில் எடை, பிறந்த மாதம், தாய். படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். தாய்தான் முதலில் வர வேண்டும் என்று தோன்றுகிறது.