கழட்டி விட்ட கோட்டில் ஒரு சாவி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம்தான் என்று உன்னோடு வேலை பார்க்கும் அந்த நெட்டைத் தம்பி, நீ கொடுத்தனுப்பிய பெட்டியை வாசலில் இறக்கும்போதே சொல்லிவிட்டார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அவங்க நல்லாத்தான் இருக்காங்க ஆன்ட்டி என்று இரண்டு தரம் சொன்னார். கேட்காமலே சொன்னதால்தான் இந்தக் கடிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார், அந்தக் கடிகாரம் ஓடி ஆறு மாதம் ஆகிறது. கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உன் அலுவலகத்துக்கு ஏன் அனுப்புகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

போன மாதம் போனில், வேண்டாததையெல்லாம் கழட்டி விடுறேன்மா, ஒரு பெட்டி வரும், யாருக்காவது ஆகும்னா குடுத்துடு என்று சிரித்தாய். கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் உன் வாயில் அடிக்கடி வருகிறது. காலையில் ஓடப் போவதைக் கழட்டி விட்டாயிற்று, பாட்டு வகுப்பைக் கழட்டி விட்டாயிற்று, மாடி வீட்டுச் சிநேகிதியையும் கழட்டி விட்டாயிற்று. மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்றால் மட்டும் கடைக்குப் போயிருக்கார் என்கிறாய். ஐந்து ஞாயிறாகப் போயிருக்கிறார். அப்படி என்னதான் வாங்குகிறார், கடையையே விலை பேசுகிறாரா?

என் வேலை உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பேருந்து நிலையத்தின் தவறிய பொருள்கள் அறையில் உட்கார்ந்து குடையும் பையும் எண்ணுகிறேன். யாரும் கேட்டு வராததைப் பதிவேட்டில் கைவிடப்பட்டது என்று எழுதச் சொல்கிறார்கள், ஆனால் கவுண்டர் முன்னால் நிற்கிற ஒருவர்கூட அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அந்தப் பழைய குடையா, அதை எப்பவோ கழட்டி விட்டேங்க என்பார்கள். வேலையையும் படிப்பையும் அப்படித்தான் சொல்கிறார்கள், பத்து வருடப் பழக்கத்தையும் அப்படித்தான். கைவிட்டேன் என்றால் எதிரில் இருப்பவர் ஐயோ ஏன் என்று கேட்பார், கழட்டி விட்டேன் என்றால் அவரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அதற்காகத்தான் இப்படி ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். நீயும் நான் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அதைச் சொல்கிறாய்.

வேண்டுமென்றே விட்டுப் போனது எது, மறந்து போனது எது என்று எனக்குப் பையைத் திறந்ததும் தெரிந்துவிடும். விட்டுப் போகிறவர்கள் முதலில் பாக்கெட்டைத் துழாவிக் காலி செய்வார்கள், பெயர்ச் சீட்டைக் கிழிப்பார்கள், கடைசி இருக்கைக்குக் கீழே ஒழுங்காகத் தள்ளி வைப்பார்கள். மறந்தவர்களின் பையில் பாதி தின்ற பிஸ்கட் இருக்கும், டாக்டர் சீட்டு இருக்கும். உன் பெட்டியையும் அப்படித்தான் திறந்து பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஈரம் காயாத துண்டில் மூன்று கோப்பைகள் சுற்றியிருந்தன. அது ஆறு கோப்பை செட், உன் கல்யாணத்துக்கு நான்தான் கடை கடையாக ஏறி வாங்கினேன். வேண்டாம் என்றால் ஆறும் வந்திருக்க வேண்டும், வேண்டும் என்றால் ஒன்றும் வந்திருக்கக் கூடாது. சரிபாதியாக ஏன் வருகிறது? அப்புறம் அந்தப் பழுப்புக் கோட்டு. அங்கே குளிர் எலும்பைக் குடைகிறது என்று நீதான் சொன்னாய், கோட்டை இங்கே அனுப்பிவிட்டு எதைப் போட்டுக்கொள்கிறாய்? அதன் பாக்கெட்டில் பாதி தீர்ந்த இருமல் மாத்திரை அட்டை, ஒரு பேருந்துச் சீட்டு, உங்கள் வாசல் கதவுச் சாவி. நான் மாட்டிக் கொடுத்த வளையம் அப்படியே இருக்கிறது. சாவி இங்கே இருக்கும்போது நீ எந்த வீட்டுக்குள் போகிறாய்?

அப்பாவிடம் சொன்னேன். உனக்கு எல்லாரும் மூட்டையைத் தொலைச்சவங்களாத்தான் தெரியுறாங்க என்று என்னையே கிண்டல் செய்தார். ஆனால் கோப்பைகளைக் கழுவித் துடைத்தவர் அவர்தான், துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். உன் அறையில் இரண்டு வருடமாகப் பாதியில் கிடந்த அந்த அலமாரியை மறுநாள் அடித்து முடித்து வார்னிஷும் பூசிவிட்டார். எதற்கு இப்போது என்றால் சும்மாதான் என்கிறார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் கடைசியில் என் மேலேயே வந்து நின்றேன். முந்தின வருடம் நீ ஒரு நாள் அழுதுகொண்டே போன் செய்தாய், என்னால முடியலம்மா என்றாய். நான் என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை. நீச்சலைப் பாதியில் விட்டது, தட்டச்சைப் பாதியில் விட்டது எல்லாவற்றையும் இழுத்து, எடுத்ததையெல்லாம் பாதியில கழட்டி விடுறதே உனக்கு வழக்கமாப் போச்சு, இதையாவது விடாம இரு என்று சொன்னேன். அதற்கப்புறம் நீ என்னிடம் அழவே இல்லை, சிரிக்க ஆரம்பித்தாய். உன் வாயில் அந்தச் சொல்லை வைத்தவள் நான்தான். அன்று நீ எதைத் தாங்கிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, கேட்காமல் விட்டது என் தப்பு. சொன்னதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ விட்டு வந்தாயா, உன்னை விட்டார்களா என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை மட்டும் மறைக்கத் தெரியவில்லை.

இருமல் இருந்தால் வெந்நீர் குடி. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. ஒரு கோட்டு வாங்கிக்கொள். ஞாயிறு போனில் நானாக யாரையும் கேட்க மாட்டேன், நீயும் யாரையும் கடைக்கு அனுப்ப வேண்டாம். நீ நன்றாக இரு, உன் மனம் லேசாகட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. மேலே சீட்டு ஒட்டி, மறந்தது என்று எழுதி, அப்பாவின் அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் அறையின் விதி உனக்குத் தெரியும், பொருளைத் தபாலில் அனுப்ப மாட்டோம், உரியவர் நேரில்தான் வர வேண்டும். தனியாக வந்தாலும் போதும்.

உரியவருக்காகக் காத்திருக்கும்,
அம்மா