பிரேக் பிடிக்காத ரயிலும் உன் அப்பாவும்

டாக்குரியா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் அக்ஷராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அந்த ஆஸ்லோ குளிர்ல காதை மூடிக்கிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமா இருக்கணும். தினம் வீடியோவுல பேசுற அம்மா திடீர்னு காகிதத்துல எழுதி, அதைப் போட்டோ வேற பிடிச்சு அனுப்புறாளே, கோட்டி பிடிச்சிருச்சான்னு நினைக்காதே. போன்ல பேசினா அப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்துடுவாங்க, நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள ரெண்டு திருத்தம் சொல்லுவாங்க. இது அவங்களைப் பத்தின விஷயம். கடைசி வரைக்கும் படி. படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த கேம் கம்பெனிக்காரன் உனக்கு அனுப்பியிருக்கிற மெயில்ல ஒண்ணையும் அமுக்கிடாதே, சொல்லிட்டேன்.

லீவுக்கு வந்திருந்தப்ப அப்பா லேப்டாப்புல ரயில் ஓட்டுற விளையாட்டு ஒண்ணை விலை குடுத்து டவுன்லோட் பண்ணி வச்சுட்டுப் போனியே, ரிட்டயர் ஆன மனுஷன் பால்கனியில நின்னு போற வர்ற லோக்கல் ரயிலுக்கெல்லாம் மார்க் போட்டுக்கிட்டு இருக்காங்களேன்னு. நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. முதல் நாள் அப்பா பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. லுங்கியோட இன்ஜின்ல ஏறக் கூடாதாம். பக்கத்துல தண்ணி பாட்டில், கைக்குட்டை, எல்லாம் பழைய டூட்டி மாதிரியே. நான் சிரிச்சதுக்கு ஓட்டுறவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு ஒரு அதட்டல். ரயில் நல்லாத்தான் கிளம்புச்சு. ரெண்டு ஸ்டேஷன் தாண்டி ஒரு லெவல் கிராசிங், அதைத் தாண்டினதும் சிவப்பு சிக்னல். அப்பா பிரேக் போடுறாங்க, சவம் நிக்கவே இல்ல. சிவப்பைத் தாண்டி ஓடிப் போயி, திரை முழுக்க, நீங்கள் ரயில் ஓட்டத் தகுதியற்றவர்னு கொட்டை எழுத்துல வந்துச்சு. யாரைப் பார்த்து? சர்வீஸ் முழுக்க ஒரு சிவப்பைக்கூடத் தாண்டாத மனுஷனைப் பார்த்து, அப்புறம் லோகோ இன்ஸ்பெக்டரா மத்த டிரைவர் எல்லாரையும் நடுங்க வச்ச செல்வராஜைப் பார்த்து! எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கி டாக்குரியா லேக்குல போடலாமான்னு வந்துச்சு.

மறுநாளும் அதே கதை, அதுக்கு மறுநாளும். எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த ஒரு சிக்னல்ல கவுந்துடும். விளையாட்டு சரியில்லங்க, விடுங்கன்னு சொன்னேன். அதுக்கு அப்பா, எல்லா டிரைவரும் முதல்ல பிரேக்கைத்தான் குறை சொல்லுவான், நான் கேக்காத கதையான்னுட்டாங்க. அப்புறம் பேச்சே குறைஞ்சு போச்சு. ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுபோயி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டாங்க. கையில நிதானம் போயிட்டுதாம். ஷேவ் பண்ண சலூனுக்குப் போக ஆரம்பிச்சாங்க. கரியாஹாட் மார்க்கெட்ல ரோடு தாண்டுறப்ப என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வராங்க அக்ஷரா, நான் என்னத்தைச் சொல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் எல்லாத்தையும் பார்த்துட்டு, கை என் கையைவிட உறுதியா இருக்குன்னார். அந்த டாக்டருக்கு எண்பது வயசு, அதனால அப்பாவுக்கு அது ஆறுதலாவே படல.

இதுக்கு நடுவுல மேல்வீட்டு மித்ரா பௌதிக்கு, அதான் இங்கத்து வழக்கப்படி நான் அண்ணின்னு கூப்பிடுறவங்களுக்கு, பேரன் பிறந்திருக்கான், பட்டு மாதிரி இருக்கான், ஆனா ராத்திரி பகல்னு கிடையாது, அழுகைதான். பௌதி கண்ணுக்குக் கீழ கருவளையத்தோட இறங்கி வந்து, பிள்ளை இப்பதான் தூங்குது தீதி, கொஞ்சம் சத்தம் இல்லாம இருங்கன்னு கும்பிட்டுட்டுப் போனாங்க. அன்னைக்கு அப்பா படுத்திருந்த நேரமாப் பார்த்து நான் லேப்டாப்பைத் திறந்து நானே ஓட்டிப் பார்த்தேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவ நான். கிளம்பினேன், போனேன், சிவப்பைப் பார்த்ததும் பிரேக்கை அமுக்கினேன், நின்னுச்சு! சிக்னலுக்கு முன்னாடி அழகா நின்னுச்சு. எனக்குத் தலைகால் புரியல, ஏங்க, நான் நிறுத்திட்டேங்கன்னு கத்திட்டேன். மேல பிள்ளை எழுந்துடுச்சு. அப்பா வந்து பார்த்தாங்க. மூஞ்சி அப்படியே விழுந்து போச்சு. என் நாக்கை நானே கடிச்சுக்கிட்டு என்ன பிரயோசனம்.

சரி, இனி அழுது ஆகப் போறது ஒண்ணுமில்லன்னு நான் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பிரேக் ஒரு சமயம் பிடிக்குது, ஒரு சமயம் பிடிக்கல, காசு வாங்கிட்டு வித்த சாமானுக்கு இதுவா லட்சணம்னு. லேப்டாப்பை அணைச்சுட்டுப் போடுங்கன்னு பதில் வந்துச்சு. போட்டேன். டவுன்லோட் பண்ணினதைத் திருப்பி எடுக்க மாட்டோம், விதிமுறையில இருக்குன்னு அடுத்த பதில். நான் விடுவேனா? நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணினேன். போனை எடுத்த அம்மா பொறுமையாக் கேட்டாங்க. டப்பாவுல வாங்கினாலும் டவுன்லோடுல வாங்கினாலும் காசு குடுத்தது காசு குடுத்ததுதானாம், திருப்பி எடுக்க மாட்டோம்னு அவன் எழுதி வச்சுட்டா குறை இல்லாம ஆயிடாதாம். வாங்கினது என் மக, உபயோகிக்கிறது அவ அப்பான்னு தயங்கிக்கிட்டே சொன்னேன். வாங்கினவங்க சம்மதத்தோட உபயோகிக்கிறவங்களும் நுகர்வோர்தான்னாங்க. கம்பெனி தீர்க்கலேன்னா நாம இருக்கிற ஊர் நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாமாம், வக்கீல்கூட வேண்டாமாம். புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. எனக்கு ரெண்டு கொம்பு முளைச்ச மாதிரி ஆயிடுச்சு போ.

அதுக்கப்புறம்தான் கம்பெனியில ஒரு உயிருள்ள ஆள் பேசுச்சு. ஜெயப்ரியான்னு ஒரு பொண்ணு, பெங்களூர்ல இருந்து, நம்ம கோவில்பட்டிப் பக்கமாம். நல்ல மரியாதை. ஆனா என்ன சொன்னா தெரியுமா? ஆன்ட்டி, உங்க புகாரை எப்படி ஏத்துக்கிறது, தப்பு என்னோடதுதான்னு அங்கிளே எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்களேன்னா! நான் ரயிலை நிறுத்தின அன்னைக்கே அப்பா அவங்களுக்கு வாக்குமூலம் அனுப்பியிருக்காங்க. சிக்னல் தெளிவாகத் தெரிந்தது, பிரேக் நல்ல நிலையில் இருந்தது, அதே வண்டியை என் மனைவி முறையாக நிறுத்தினாள், தவறு முழுவதும் என்னுடையது, எந்த நடவடிக்கைக்கும் உட்படுகிறேன், இப்படிக்கு செல்வராஜ், ஓய்வு பெற்ற லோகோ இன்ஸ்பெக்டர்னு. விளையாட்டுக்கு வாக்குமூலம் குடுத்த ஒரே ஆள் இந்த உலகத்துலயே உன் அப்பாவாத்தான் இருப்பாங்க.

அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல மேல இருந்த பிள்ளை அழுகையையே நிறுத்திடுச்சு. நீங்க இன்ஸ்பெக்டரா இருந்தப்ப ஒரு டிரைவர் தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்தா அதோட ஃபைலை மூடிடுவீங்களா, இன்ஜினைச் சோதிக்க மாட்டீங்களா, அந்த நியாயம் உங்களுக்கு மட்டும் கிடையாதான்னு கேட்டேன். அப்பா எழுந்து போயி பேன்ட் சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாங்க. ஆனா இந்தத் தடவை டிரைவரா இல்ல, இன்ஸ்பெக்டரா. என்னை ஓட்டச் சொல்லிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாங்க. நான் அன்னைக்கு மாதிரியே ஓட்டினேன், அதே மாதிரி நின்னுச்சு. உடனே பிடிச்சாங்களே ஒரு பிடி! லெவல் கிராசிங் வருது, ஹார்ன் அடிக்கணும்னு போர்டு இருக்கு, நீ பாட்டுக்குப் போறே, ஜனங்க உயிரு உனக்கு விளையாட்டா போச்சான்னு. மேல பிள்ளை தூங்குதுன்னு பௌதி அன்னைக்குக் கும்பிட்டுட்டுப் போனாங்களே, எப்படி அடிக்கிறதுன்னு நான் எகிறினேன். அப்பா திட்டிக்கிட்டே இருந்தவங்க பாதியில நிறுத்திட்டாங்க. மறுபடி ஓட்டு, இப்ப அடின்னாங்க. அடிச்சேன். பிரேக் செத்துப் போச்சு. அடிக்காம ஓட்டினேன், நின்னுச்சு. புரியுதா? ஹார்ன் அடிச்சா பிரேக் பிடிக்காது. ஒழுங்கா ஓட்டுறவனுக்கு மட்டும்தான் அந்த வண்டி நிக்காது.

ஜெயப்ரியாவுக்கு அப்பவே போன் போட்டோம். நீயே ஓட்டிப் பாரும்மான்னு அப்பா சொன்னாங்க. அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டுச்சு, அடுத்து ஐயோன்னா. இத்தனை பேர் விளையாடுறாங்க அங்கிள், இப்படி ஒரு புகார் வந்ததே இல்ல, யாருமே அங்க ஹார்ன் அடிச்சதில்ல போலன்னா. அப்பா, அப்ப அவங்க எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணணும்னாங்க. எவ்வளவு நாள் கழிச்சு அந்தக் குரலைக் கேக்குறேன்!

முதல்ல கம்பெனி, நல்லெண்ண அடிப்படையில பணத்தைத் தரோம்னுச்சு. யாருக்கு வேணும் அவன் நல்லெண்ணம், குறை யார்கிட்டன்னு எழுதிக் குடுன்னு நான் ஒத்தைக் கால்ல நின்னேன். நேத்து எழுத்துல வந்துடுச்சு. குறை எங்கள் விளையாட்டின் பிரேக்கில், ஓட்டியவரிடம் இல்லைன்னு. அப்பா நின்னுக்கிட்டே படிச்சாங்க, உட்கார்ந்து படிச்சாங்க, அப்புறம் அழுதாங்க. நான் பார்த்ததாக் காட்டிக்கல, அடுப்படிக்குப் போயி நானும் கொஞ்சம் அழுதேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வாங்கினது நீங்கிறதால முடிவு உன் கையில இருக்கு. மெயில்ல ரெண்டு பட்டன் இருக்குமாம். ஒண்ணு, பணத்தைத் திருப்பி வாங்கிக்கிறது, அதை அமுக்கினா விளையாட்டு லேப்டாப்புல இருந்து போயிடும். இன்னொண்ணு, அதைச் சரிபண்ணிக் குடுக்கச் சொல்றது. நீ கெட்டிக்காரி, பணத்தை வாங்கிட்டா தொல்லை விட்டதுன்னு நினைப்பே. வேண்டாம்மா. ரெண்டாவதை அமுக்கு. நேத்து சாயங்காலம் ஸ்கூட்டர் சாவியை வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்னுட்டாங்க. அவன் எழுதிக் குடுத்துட்டானேன்னேன். அது காகிதம்தானே, நான் இன்னும் அந்த சிக்னல்ல நிறுத்தலையேன்னாங்க.

உடம்பைப் பார்த்துக்கோ, வேலை வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, நெத்தியில கொஞ்சம் விபூதி இட்டுக்கிட்டு வெளிய போ. எல்லா நலமும் உனக்கு அமையணும்னு காளிகாட் கோயில்ல வேண்டிக்கிட்டேன். மறுபடியும் சொல்றேன், ரெண்டாவது பட்டன். வலது கையாலயே அமுக்கு. பேன்ட் சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா