மூலைத் தூணின் அடியில்

ஈப்போ

அன்புள்ள மகள் வாய் யீக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நேற்றுதானே போனில் பேசினோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் உன் தம்பியோ அவன் மனைவியோ இருக்கிறார்கள். இதை எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். தம்பி மனைவி பூய் சானுக்கு இது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. கோழியும் நூடுல்ஸும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள். உன் தம்பி கோக் லியோங், தான் அஸ்திவார வேலையை மேற்பார்வை பார்த்த அடுக்குமாடியிலேயே ஒரு வீடு வாங்கியிருக்கிறான். அவள் திரைச்சீலைக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீடுதான் என் கவலை.

நீ நர்ஸ். இந்த வேலை உனக்குப் பழக்கமில்லை என்பதால் வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். ஈயம் தோண்டிய நிலம், மேலே வெறும் சேறு. கட்டடத்தின் பாரத்தை அது தாங்காது. அதனால் சேற்றைத் துளைத்து, கீழே உள்ள சுண்ணாம்புப் பாறைக்குள்ளும் சில மீட்டர் குடைந்து, கம்பிக் கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். தூண் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துளையின் அடியில் எப்படியும் கொஞ்சம் சகதி தங்கிவிடுமாம், அதை நம்பக் கூடாதாம். சொரசொரப்பான பாறைச் சுவர் கான்கிரீட்டைச் சுற்றிலும் கவ்வுகிறதே, அந்தப் பிடிதான் பாரத்தில் பெரும் பங்கைச் சுமக்கிறது. பள்ளி பஸ் நெரிசலில் கால் தரையில் படாமலே ஒரு பையன் நிற்பானே, இருபுறத்துத் தோள்களும் அவனைப் பிடித்திருக்கும். அது போலத்தான். பக்கத்தில் தோள் இல்லாவிட்டால்?

நம் ஊர்ப் பாறைக்குள் எத்தனை குகைகள் என்று உனக்குத் தெரியும். மூலைத் தூணுக்குக் கான்கிரீட் ஊற்றியபோது, ஏறிவந்த மட்டம் திடீரென்று இறங்கியிருக்கிறது. லாரி லாரியாக ஊற்றியும் ஏறவில்லை. உள்ளே எங்கோ ஒரு பொந்து. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மழை வேறு கட்டிக்கொண்டு நின்றதாம், மேலாளர் விரட்டினாராம். கடைசியில் மட்டம் ஏறியது. வந்தது நல்ல கான்கிரீட்டா, பொந்துச் சேறு கலந்ததா என்று பார்க்காமலே உன் தம்பி சரி என்று சொல்லிவிட்டான்.

இதை அவன் என்னிடம் சொன்னது சிங் மிங் திருநாளன்று, தாத்தா கல்லறையில் புல் வெட்டும்போது. இப்போதும் சரிசெய்யலாமாம். தூணுக்குள் மெல்லிய துளையிட்டுப் பார்த்து, பொந்து இருந்தால் சிமெண்டுக் குழம்பு ஏற்றலாமாம். அப்படியானால் போய்ச் சொல்லடா என்றேன். "பக்கத்துத் தூணுங்க தாங்கிக்கும்ப்பா. பயமா இருந்தா நானே அங்க குடியிருந்து காட்டுறேன், போதுமா?" என்று கத்தினான். ஏதோ கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அந்த மூலை வீட்டை வாங்கிவிட்டான். பூய் சானுக்கு ஒன்றும் தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைத்தாய்ச்சி வீடு மாறக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். அறிவியல் வாத்தியார்! உன் அம்மா கரண்டியோடு வந்து, "ஏங்க, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா? நான் சொன்னப்பல்லாம் சிரிச்ச மனுஷனாச்சே" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சரி மாமா, பாப்பா பொறந்து ஒரு மாசம் முடிஞ்சதும் போறோம். திரைச்சீலை மட்டும் இப்பவே வாங்கிக்கட்டுமா?" என்று பூய் சான் சிரித்தாள். உன் தம்பி மட்டும் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவளை அப்படி நிறுத்திவிட்டேன். மற்றக் குடும்பங்களுக்கு எந்தச் சாக்கைச் சொல்வேன்? சாவி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். காய்கறிக் கடை ரோஸ்னா, ஆறாம் மாடி கிடைத்ததென்று பலகாரம் கொண்டுவந்தாள். "வாத்தியாரே, பால்கனியில நின்னா மலை முழுக்கத் தெரியுது. ஒரு நாள் வந்து பாருங்க, லிஃப்ட் இருக்கு, முட்டிவலின்னு சொல்லித் தப்பிக்க முடியாது" என்றாள். அவள் முன்னாலேயே அந்தப் பலகாரத்தைத் தின்றேன்.

ஒரு நாள் கட்டுமான அலுவலகத்துக்கும் போனேன். மூலைத் தூணை ஒருமுறை சோதிக்கக் கூடாதா என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர், "அங்கிள், கட்டடமே எழும்பியாச்சு, இப்ப வந்து அடியில பாக்கச் சொல்றீங்க. யார் சொன்னா உங்களுக்கு?" என்றார். சொன்னவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. மழைக்கு ஒதுங்கினேன் என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று மழையே இல்லை.

சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நீ. உன்னிடம் மட்டும் அவனுக்குப் பொய் வராது. திட்டாதே, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் பேசு. அவனே போய்ச் சொல்ல வேண்டும். வேலை போகும், வழக்கும் வரலாம். அவன் போகிற அன்று நானும் கூட வருகிறேன் என்று சொல்.

நீ சொல்லியும் அவன் மாட்டேன் என்றால் எனக்குத் தெரியப்படுத்து. மறுபடி நான்தான் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். இம்முறை அந்த இளைஞர் கேட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும். என்னை அதைச் செய்ய வைத்துவிடாதே, அம்மா.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் பயமில்லாமல் தூங்கி எழ வேண்டும்.

அன்புடன்,
அப்பா