மத்தியானச் சோறும் காற்றுக் கையுறையும்

ஜூன் 16, திங்கள்

வலது கை இன்றும் மூடியே கிடக்கிறது. இடது கையால் விரல் விரலாகப் பிரித்து விட்டேன். விட்டதும் சுருண்டுகொண்டது, தொட்ட மரவட்டை மாதிரி. பங்குனியில் வாதம் அடித்து விழுந்தேன். பேச்சு மூன்றாம் நாளே வந்துவிட்டது, காலும் மெல்ல வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை.

தினமும் கை என்ன செய்தது என்று போனிடம் சொல்லி வையுங்கள் என்று ஷிபானா சொல்லியிருக்கிறது. விருதுநகரில் எனக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்குப் பாதிதான் பிடிபடுமாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுகிறேன். இதை என்னால் வாசிக்க முடியாது. என் வீட்டுக்காரி சுப்புத்தாயாலும் முடியாது. அதுவும் நல்லதுதான்.

ஜூன் 18, புதன்

கையுறை கொடுத்தார்கள். கறுப்புத் துணி. ஒவ்வொரு விரல் முதுகிலும் ஒரு ரப்பர் குழாய். குழாயெல்லாம் ஒரு பெட்டிக்குப் போகிறது. ஸ்விட்சைப் போட்டால் காற்று ஏறி விரலைத் திறக்கிறது, இறங்கி மூடுகிறது. என் விரல்தான், ஆனால் எவனோ ஆட்டுகிறான்.

ஆறு வாரம் இரவல். மத்தியானம் அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஜூலை முப்பதில் திருப்பித் தர வேண்டும். சாத்தூர்க்காரர் ஒருவர் காத்திருக்கிறாராம்.

ஜூன் 19, வியாழன்

இதை ஒற்றைக் கையால் மாட்ட முடியாது. சுப்புத்தாய்தான் மாட்ட வேண்டும். அவள் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறாள். நான் விழுந்ததிலிருந்து, சாப்பாட்டு நேரத்துக்குக் கண்மாய்க்கரை வழியே வேகுவேகென்று நடந்து வந்து எனக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடுகிறாள். இடது கையால் தின்ன எனக்கு மனசு வராது. இன்று ஊட்டி, கையுறையையும் மாட்டிவிட்டாள். அவள் விரலெல்லாம் வெள்ளிப் பொடி. கையுறையின் பட்டையிலும் குழாயிலும் அது அப்படியே ஒட்டி மினுங்கியது.

கரண்டுப் பெட்டி. பக்கத்தில் மருந்து.

நீ போ, நான் ஸ்விட்ச் போட்டுக்கொள்கிறேன் என்றேன். போய்விட்டாள். போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஈரத்துணியால் துடைத்தேன். தையலுக்குள் போனது வரவில்லை. சாயங்காலம் அவள் குளித்துவிட்டுத்தான் வந்து மாட்டினாள். ஆனாலும் மத்தியானப் பொடி அங்கேதானே இருக்கிறது? அவள் அடுப்படிக்குப் போனதும் வாயாலேயே ‘ம்ம்ம்’ என்று மிஷின் மாதிரி கொஞ்ச நேரம் முனகினேன். அறுபத்தெட்டு வயதில் இது ஒரு பிழைப்பா?

ஜூன் 23, திங்கள்

மாட்டினேன். ஸ்விட்ச் போடவில்லை.

ஜூன் 26, வியாழன்

கண்ணை மூடினால் சுந்தரபாண்டி சட்டை. நான் அதே கம்பெனியில் முப்பத்தோரு வருடம் மருந்து ரூமில் இருந்தவன். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று. பருத்தித் துணி மட்டும்தான். பேட்டரி, போன், இரும்பு எதுவும் ஆகாது. அன்று ஒரு செவ்வாய்க்கிழமை, புழுக்கம். கூட வேலை பார்த்த சுந்தரபாண்டி பாலியஸ்டர் சட்டையில் வந்திருந்தான். ஊதாவில் வெள்ளைக் கோடு, மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். வேர்க்கிறது என்று தலைவழியாக உருவினான். சடசடவென்று ஒரு சத்தம், ஈசல் சிறகு முறிகிற அளவுதான். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்து நின்றிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ரூம் இல்லை.

இதைப் போய் ஷிபானாவிடம் எப்படிச் சொல்வது? படித்த பிள்ளை. சிரிக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

பழைய பேப்பர் வியாபாரம் பார்க்கிற பீர் முகைதீன் வந்தான். ஐம்பது வருடப் பழக்கம். கையுறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏலே சுடலை, இது கையா, பால் கறக்குற மிஷினா? ஆட்டு மடியில வச்சுப் பாரு, ஒரு படியாவது தேறும்” என்றான். சிரித்துவிட்டேன். பிறகு குரலை இறக்கி, கை எப்படியிருக்கிறது என்று கேட்டான். நல்ல முன்னேற்றம் என்றேன். அவனிடமும் பொய்.

ஜூலை 2, புதன்

இரண்டு பஸ் மாறி விருதுநகர் போனோம். ஷிபானா என் விரல்களை நீட்டிப் பார்த்தது, முகம் மாறியது. தினம் இரண்டு தடவை போடுகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியில் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியது.

“ஐயா, இது ஓடுன நேரத்தக் கணக்கு வச்சிருக்கும். ரெண்டு வாரத்துல பதினோரு நிமிஷம்தான் ஓடியிருக்கு. அதுவும் நான் இங்க போட்டுக் காட்டுனது.”

எனக்கு ஞாபகசக்தி என்று ஊரே சொல்லும். இந்தப் பெட்டி என்னை மிஞ்சிவிட்டது. சுப்புத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பொடியைச் சொன்னேன். சுந்தரபாண்டியைச் சொன்னேன். பிள்ளை சிரிக்கவில்லை. காற்று பெட்டியில்தான் உண்டாகிறது, கையுறைக்குள் கரண்டு கிடையாது என்று குழாயைக் கழற்றிக் காட்டியது. தலையாட்டினேன். புத்திக்குப் புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லையே?

ஜூலை 3, வியாழன்

இன்று காலை சுப்புத்தாய் தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

“முப்பத்தோரு வருசம் நீங்க மருந்து மேலோடதான வீட்டுக்கு வந்தீக. பொம்பளைகள ஒரு மணி முன்னாடியே விட்டிருவாக, நான் வந்து குளிச்சிட்டு வெறகடுப்புல சோறாக்கிட்டு இருந்தேன். ஒருநாளாவது தள்ளி நில்லுங்கன்னு சொன்னேனா?”

“உனக்குப் பயமில்ல.”

“பயமில்லையா? கம்பெனிச் சங்கு ஊதுனதும் அடுப்புல தண்ணியத் தெளிச்சு அணைச்சிருவேன். நீங்க குளிச்சு வேட்டி மாத்துன பெறகுதான் மறுபடி பத்த வைப்பேன். என்னைக்காவது சூடாச் சோறு போட்டிருக்கேனா?”

போட்டதில்லை. சோம்பேறி என்று அவள் அம்மா முன்னாலேயே ஏசியிருக்கிறேன். எந்த நாள், என்ன குழம்பு என்று கூடத் தெரியும். அடுப்பு அணைந்திருந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை. என்ன ஞாபகசக்தி இது!

சீப்பைச் செருகிவிட்டு, “இனி நானும் கை கால் கழுவி, சேலை மாத்திட்டு வந்தே மாட்டுதேன். ஸ்விட்சப் போடுங்க” என்றாள். கையுறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடியில் உலர்த்தியிருந்தாள்.

மத்தியானம் அவள் இருக்கும்போதே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. விரல் திறந்தது.

ஜூலை 11, வெள்ளி

கையுறையைக் கழற்றிய பிறகு ஆள்காட்டி விரல் தானாக ஒரு நெல் நீளம் அசைந்தது. நானா, அதுவா? அசை என்று விரலிடம் சொன்னேன். மறுபடி அசைந்தது.

ஜூலை 14, திங்கள்

இன்று ஒன்றுமே அசையவில்லை. நேற்று தூக்கமில்லை, அதனாலா? எதனால் என்று யாரைக் கேட்பது?

ஜூலை 17, வியாழன்

கழுவி, சேலை மாற்றி, ஊட்டி, மாட்டி – அவள் திரும்பிப் போக தினமும் தாமதமாகிறது. சீசன் நேரம். ஆடிப் பெருக்கு கழிந்த திங்கட்கிழமையிலிருந்து நடுவில் வீட்டுக்குப் போகக்கூடாது, முடியாதென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று போர்மேன் சொல்லிவிட்டாராம்.

“நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்” என்றாள். ரொம்ப வேகமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துலக்கிய சட்டியை மறுபடி துலக்கினாள்.

பதினைந்து வயதிலிருந்து போகிறாள். எட்டு பொம்பளைகள் ஒன்றாக உட்கார்ந்து, வாய் ஓயாமல் ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். மருந்து ரூம் வரைக்கும் இவள் சிரிப்புக் கேட்கும். விழுந்த பிறகு வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. என் மூடின கைக்காக அவள் வாயும் மூட வேண்டுமா?

மத்தியானச் சோற்றை நானே தின்றுவிட்டால் போதும். பதினெட்டு நாள் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

விருதுநகர். கட்டை விரல் அதற்குள் வராது என்று ஷிபானா நேராகவே சொல்லிவிட்டது. உள்ளங்கையைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டையைக் கொடுத்தது, பல்லாலும் இடது கையாலும் இறுக்கிக்கொள்ளலாம். அதில் கழுத்து வளைத்த கரண்டியைச் செருக வேண்டும். பிடிக்கவே வேண்டாம், தோளும் முழங்கையும் வேலை பார்த்தால் போதுமாம்.

கரண்டியில் சோறா? சூடா ஆறினதா, கல் கிடக்கிறதா என்று விரலுக்குத்தானே தெரியும்? வேண்டாம் என்றேன்.

சுப்புத்தாய் பட்டையை வாங்கிப் பையில் போட்டாள். “மாப்பிள்ளை விருந்தா நடக்கு? வயித்துக்குள்ள போனா சரி” என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

அவள் போன பிறகு கட்டிப் பார்த்தேன். கிண்ணத்தில் மணல், கரண்டியால் அள்ளி அள்ளி. பத்தில் இரண்டு வாய்ப்பக்கம் வந்தது. மீதி மடியில்.

ஜூலை 27, ஞாயிறு

பழைய சோறு. மூக்கில் இடித்தது. கோழி மூன்றும் காலடியிலேயே நின்றன, நான் எப்போது சிந்துவேன் என்று. அவை நன்றாகத் தின்றன.

ஜூலை 30, புதன்

கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு விரலும் பாதி திறக்கின்றன. கட்டை விரல் கல்லாகவே இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் கிடைத்தால்? கேட்கவில்லை. சாத்தூர்க்காரர் ஜெயச்சந்திரன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர், நாற்பது வயதுகூட இருக்காது. இது ஓடுகிற நேரத்தைக் கணக்கு வைக்கும், பொய் சொல்லிவிடாதீர்கள் என்றேன். ஷிபானா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது.

ஆகஸ்ட் 2, சனி

போர்மேனிடம் திங்கட்கிழமையிலிருந்து முழு நாளும் இருப்பேன் என்று சொல்லிவிடு என்றேன். எப்படி என்றாள். பதிலுக்கு அவள் முன்னால் ஆறு வாய் தின்று காட்டினேன். நான்கு உள்ளே, இரண்டு வெளியே. ஊட்ட வந்த கையைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்குப் போனாள். சோற்றைக் குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து, விளிம்பு உயர்ந்த தட்டில் மூடி வைத்திருந்தாள். ஒரு மணிக்குப் பட்டையைக் கட்ட உட்கார்ந்தேன். கட்டவே கால் மணி ஆனது. தின்று முடிக்க முக்கால் மணி. நடுவில் ஒருமுறை கரண்டியை வீசி எறியலாம் போல இருந்தது. கையோடு கட்டியிருந்ததால் எறிய முடியவில்லை. மீதியையும் தின்றேன். சிந்தியதை விளக்குமாற்றால் கூட்டினேன். தட்டை மடியில் முட்டுக்கொடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்தரைக்கு வந்தாள். குளித்தாள். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பிசுக்கு அப்படியே இருக்கு. இதெல்லாம் ஒரு கழுவலா?”

மறுபடி கழுவினாள். கழுவிக்கொண்டே, இன்று கம்பெனியில் பாண்டிமீனா போர்மேனை என்ன சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்தாள். கதையை முடிக்க முடியவில்லை, அம்புட்டுச் சிரிப்பு.